ஊடலுக்கு எத்தனை பக்கம்? மூன்று பழைய அமெரிக்கக் காதல் காமிக்ஸ்கள்

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், காமிக்ஸ் கட்டங்களைப் பெரிய ஓவியங்களாக்கிய அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் 1963-இல் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. அலைக்குள் மூழ்கிக்கொண்டிருக்கும் பெண், கண் நிறைய நீர். ‘பிராடைக் கூப்பிடுவதைவிட மூழ்கிப்போவதே மேல்’ என்று நினைக்கிறாள். இதற்கு மூலம், சூப்பர்மேன் புகழ் டிசி நிறுவனத்தின் ‘சீக்ரெட் ஹார்ட்ஸ்’ என்ற காதல் காமிக்ஸின் 83-ஆம் இதழில் டோனி அப்ரூஸோ வரைந்த ஒரு கட்டம். அங்கே பையனின் பெயர் மால். கவிழ்ந்த படகைப் பிடித்தபடி பின்னால் கிடக்கிறான். லிக்டன்ஸ்டைன் அவனை அப்படியே நீக்கிவிட்டார். ஓவியம் உலகப் புகழ் பெற்றது. காதல் காமிக்ஸ் என்றாலே அழுகிற பெண் என்ற பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது.

எல்லாக் காதல் காமிக்ஸும் அப்படி இல்லை. ஊடல் உப்பு மாதிரி என்பார்கள். யார் எவ்வளவு போட்டார்கள், எப்படிச் சமாதானம் செய்துவைத்தார்கள் என்று பார்த்தால் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் ருசி வேறு.

முதலில் ‘யங் ரொமான்ஸ்’. 1947 செப்டம்பர்-அக்டோபர் தேதியிட்டு வந்த முதல் இதழோடுதான் இந்த வகையே சூடு பிடித்தது. செய்தவர்கள் ஜோ சைமனும் ஜாக் கிர்பியும். கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய அதே ஜோடி. லாபத்தில் பாதி எங்களுக்கு என்று பேசி வாங்கினார்கள். அச்சடித்ததில் 92 சதவீதம் விற்றது. இரண்டே வருடத்தில் கடைக்குக் கடை காதல் காமிக்ஸாகக் குவிந்து, 1950-இல் சந்தையே திணறியது.

இவர்களின் முதல் பக்கத்தைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். கதாநாயகி நம்மைப் பார்த்துப் பேசத் தொடங்குவாள். அவள் பேச்சுக் குமிழிக்குள்ளேயே பெரிய எழுத்தில் கதையின் தலைப்பும் வந்துவிடும். முதல் இதழின் முதல் கதைக்குத் தலைப்பு, ஏறக்குறைய, ‘வழியில் பார்த்தவனோடு போனவள் நான்!’ ‘நான் செய்த தப்பு’ என்று பெண்கள் சொல்வதாகக் கதை போட்ட அந்தக் கால ஒப்புதல் வாக்குமூலப் பத்திரிகைகளின் பாணி இது. (வாக்குமூலம் கொடுப்பவள் பெண், எழுதி வரைந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.) பணக்காரன்-ஏழை, குடும்ப மானம், ஊர் வாய் என்று கனமான விஷயங்களைக் கிர்பி சண்டைக்காட்சி வேகத்தில் வரைவார். கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துவதுகூட வெடி மாதிரி இருக்கும். குறை என்றால், பக்கம் பக்கமாகப் புயலடித்துவிட்டு, கடைசி இரண்டு கட்டத்தில் அவசரமாக ஒரு முத்தம். எதற்கு மன்னித்தாள் என்று யோசிப்பதற்குள் கதை முடிந்திருக்கும்.

அடுத்தது செயின்ட் ஜான் பதிப்பகத்தின் ‘டீன்-ஏஜ் ரொமான்ஸஸ்’, 1949-இல் தொடங்கியது. ஓவியர் மேட் பேக்கர். அமெரிக்கக் காமிக்ஸில் பெயர் வாங்கிய முதல் கறுப்பின ஓவியர்களில் ஒருவர். 1959-இல் 37 வயதிலேயே இறந்துபோனார். அட்டையில் அடிக்கடி மூன்று பேர் இருப்பார்கள்: நெருங்கி நிற்கும் ஜோடி, தள்ளி நின்று பார்க்கும் இன்னொருத்தர். அந்த மூன்றாவது முகத்தில்தான் கதையே இருக்கும். உடையின் மடிப்பைக்கூட அவர் போல யாரும் போடவில்லை.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது, இங்கே கதை எழுதிய டேனா டச்சின் எழுத்து. இவர் கதைகளில் பெண் வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போவாள், தப்பான பையனை நம்புவாள், பிறகு தானே யோசித்துத் திரும்பி வருவாள். ஊர் கூடிக் காறித் துப்புவது கிடையாது, காலில் விழுவது கிடையாது. பழைய பையனிடம் போய் நடந்ததைச் சொல்வாள், அவ்வளவுதான். சத்தம் கம்மி. கிர்பியைப் படித்த கையோடு இதை எடுத்தால் முதலில் சப்பென்று இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது டிசி. 1954-இல் காமிக்ஸ் கோட் வந்தது, பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட தணிக்கை விதிகள். காதல் கதைகள் இல்லறத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும், விவாகரத்தை விரும்பத்தக்கதாகக் காட்டக் கூடாது என்றெல்லாம் விதி. சமாதானம் கட்டாயம் என்றான பிறகு சண்டைக்கு என்ன மதிப்பு? கடைசிக் கட்டம் தெரிந்துவிட்டதால் நடுவில் கண்ணீரைக் கூட்டினார்கள். உப்பு கரிக்கிறது. படம் மட்டும் அழகோ அழகு. ஜான் ரொமீட்டா பல வருடம் இங்கே காதல் கதை வரைந்துவிட்டுத்தான் 1966-இல் ஸ்பைடர்மேனுக்குப் போனார். ஸ்பைடர்மேனின் காதலி மேரி ஜேனின் முகத்தில் இந்தப் பயிற்சி தெரியும். 1963-இல் ‘யங் ரொமான்ஸ்’ தலைப்பையும் டிசியே எடுத்துக்கொண்டு 1975 வரை நடத்தியது. பெயர்தான் அது, கை வேறு.

சரி, எதை எடுப்பது? படத்துக்காக மட்டும் என்றால் டிசி. ஒரே மூச்சில் படிக்க சைமன்-கிர்பி, அதுவும் 1954-க்கு முந்தியவை. இரண்டு பேர் சண்டை போட்டுச் சேர்வதை நம்பிப் படிக்க வேண்டும் என்றால் செயின்ட் ஜான்தான். காப்புரிமை புதுப்பிக்கப்படாததால் அந்தப் பழைய இதழ்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தாள் பழுத்திருக்கும், சிவப்பு மை உதட்டை விட்டுக் கன்னத்துக்கு நகர்ந்திருக்கும். டச்சின் பெயரைக் கதையில் தேடாதீர்கள், போட்டிருக்க மாட்டார்கள். அழாமல் வீடு திரும்பும் பெண்ணைத் தேடுங்கள்.