பிரேக்கில் ஏர் எடுக்க: காலா, வாக்குவமா, பிரஷரா?

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்று ஒரு கார் பட்டறைக்குள் வந்ததும், பல இடங்களில் முதலில் கை போவது பிளீடர் நிப்பிளுக்குத்தான் (சக்கரத்தருகே பிரேக் ஆயிலையும் காற்றையும் வெளியே விடத் திறக்கும் சிறு திருகு). பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றை, அதாவது ஏரை, எந்த முறையில் எடுப்பது என்பது இரண்டாவது கேள்வி. உள்ளே இருப்பது ஏர்தானா என்பதைப் பெடலே சொல்லிவிடும், முதலில் அதைக் கேட்க வேண்டும்.

இன்ஜினை ஓடவிட்டு, பெடலை நிதானமாக மிதித்து அரை நிமிடம் அப்படியே அழுத்திப் பிடியுங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது, வெளியே எங்கும் ஆயில் கசிவு இல்லை என்றால், பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பகுதி) ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் கப் தேய்ந்துவிட்டது. அதற்கு எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பலன் இல்லை. இரண்டு மூன்று தடவை பம்ப் செய்தால் பெடல் மேலே ஏறுகிறது, ஆனாலும் காலுக்கடியில் துள்ளுகிறது என்றால் அது ஏர். பம்ப் செய்ததும் மேலே வந்து கெட்டியாக நின்றால், பின் டிரம்மில், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிப்போயிருக்கிறது. அட்ஜஸ்டரைத் திருப்பினால் போதும். ஆரம்பத்திலிருந்தே கல் மாதிரி இருந்தால், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரையும் அதன் வாக்குவம் ஹோஸையும் பாருங்கள்.

எந்தச் சக்கரம் என்று தெரியாவிட்டால், ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக ஹோஸ் கிளாம்ப் போட்டு அடைத்துப் பெடலை மிதிக்கலாம். எந்த ஹோஸை அடைத்ததும் பெடல் கெட்டியாகிறதோ, கோளாறு அந்தச் சக்கரத்தில்தான். கிளாம்ப்பின் வாய் உருண்டையாக இருக்க வேண்டும். பல் வைத்த கிரிப் பிளையரால் நெரித்தால் ஹோஸின் உள்சுவர் கிழிந்து, சில மாதம் கழித்து அந்தச் சக்கரம் மட்டும் பிடித்துக்கொள்ளும்.

ஏர்தான் என்று உறுதியான பிறகுதான் முறைகளை ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறது.

காலால் மிதித்து எடுப்பது

இரண்டு ஆள், ஒரு ரிங் ஸ்பேனர், ஒரு ஒளி ஊடுருவும் டியூப், ஒரு பாட்டில். செலவே இல்லை. இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். பாட்டிலில் ஒரு அங்குலம் புது ஆயில் ஊற்றி, டியூபின் நுனி அதில் மூழ்கும்படி வையுங்கள். உள்ளே இருப்பவர் மூன்று நான்கு தடவை மெதுவாக மிதித்துவிட்டு "பிடிச்சிருக்கேன்" என்று சொன்ன பிறகு, வெளியே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். பெடல் இறங்கும். நிப்பிளை மூடி "விடு" என்று சொன்ன பிறகே கால் எழ வேண்டும். அந்த ஒரு சொல் முந்திக்கொண்டால், வெளியேற்றிய காற்று நிப்பிள் வழியாகவே திரும்ப உள்ளே போய்விடும். ஒரு மணி நேரம் ஏர் எடுத்தும் பெடல் வரவில்லை என்கிற புகார்களில் பல இந்த இடத்தில் பிறப்பவைதான்.

வேகமாகப் பம்ப் செய்வதும் கெடுதல். ஒரே குமிழியாக இருந்த காற்று நுரையாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும். பிறகு அது அடங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

இந்த முறையின் பெரிய ஆபத்து பழைய வண்டிகளில்தான். அன்றாட ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பாதித் தூரம்தான் போய்வரும். மீதி இடத்தில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதித்தால், ரப்பர் கப் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழிகிறது. ஏர் எடுக்க வந்த வண்டி மாஸ்டர் சிலிண்டர் மாற்றிப் போக வேண்டியதாகிவிடும். இரண்டு அங்குல மரக்கட்டையைப் பெடலுக்கு அடியில் வைத்தால் இது நடக்காது.

வாக்குவம் பம்ப்

ஒரே ஆள் செய்யலாம், வேகமானது. பழைய ஆயிலை உருவிப் புதுசு மாற்றுவதற்கு அருமையான கருவி. ஏர் எடுப்பதில் மட்டும் அது கண்ணை ஏமாற்றும். நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரை வழியாக வெளிக்காற்று உறிஞ்சப்பட்டு, டியூபில் பொடிப்பொடியான குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். அதை உள்ளிருந்து வரும் ஏர் என்று நம்பி ஆயிலைக் கொட்டித் தீர்ப்பவர்கள் உண்டு. மரையைச் சுற்றி மட்டும் சிலிக்கான் கிரீஸ் தடவினால் இது குறையும். நிப்பிளின் கூம்பு நுனியில் எதுவும் படக் கூடாது.

டிரம் பிரேக்கில் இன்னொரு சிக்கல். டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் கப் உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்கு விரிந்து அடைப்பதற்காக அமைந்தது. வெற்றிடத்தில் இழுத்தால் அதன் உதடு தளர்ந்து காற்றை உள்ளே விடலாம். டிரம் உள்ள பின்சக்கரத்துக்கு இந்தக் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரஷர் பிளீடர்

பிரேக் ஆயில் டேங்க் மூடிக்குப் பதிலாக ஒரு அடாப்டரைப் பொருத்தி, சுமார் 1 பார் (ஏறக்குறைய 15 பிஎஸ்ஐ) அழுத்தத்தில் புது ஆயிலைத் தள்ளுவது. நிப்பிளைத் திறந்தால் ஓட்டம் இடைவிடாமல் வரும். குமிழி மேலே ஏறித் திரும்ப நேரமே கிடைக்காது. டேங்க் காலியாகும் பயமும் இல்லை, மாஸ்டர் சிலிண்டரும் அசையாது. தினம் நான்கைந்து வண்டி பிரேக் வேலை பார்க்கும் பட்டறை வாங்க வேண்டியது இதைத்தான்.

அடாப்டர் சரியாக உட்கார்ந்ததா என்பதை முதலில் காற்றை மட்டும் ஏற்றிச் சோதியுங்கள், ஆயிலோடு வேண்டாம். கசிந்தால் பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், துடைத்தால் பரவும். கம்ப்ரஸர் ஹோஸை நேராக டேங்கில் செருகுவது கூடவே கூடாது. அழுத்தம் எகிறிப் பிளாஸ்டிக் டேங்க் வெடிக்கலாம், கம்ப்ரஸர் காற்றில் உள்ள ஈரமும் எண்ணெயும் ஆயிலில் கலக்கும். மூடியைக் கழற்றும் முன் அழுத்தத்தை வெளியேற்றுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருங்கள்.

நிப்பிளைத் திறந்துவிட்டுத் தானாகச் சொட்டவிடும் முறையும் உண்டு. ஒரே ஒரு காலிபர் (டிஸ்க் பிரேக்கில் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பகுதி) மட்டும் கழற்றி மாட்டிய வேலைக்கு அது போதும்.

எந்த முறையிலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

காலிபரை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டால் நிப்பிள் கீழ்ப்பக்கமாகப் போய்விடும். காற்று மேலேயே தங்கும். பிரஷர் பிளீடர் வைத்தாலும் வராது. நிப்பிள் எப்போதும் காலிபரின் உச்சியில் இருக்க வேண்டும்.

பின் அச்சுக்கு மேலே லோடு சென்சிங் வால்வு வைத்த வண்டியை லிஃப்ட்டில் ஏற்றினால், சக்கரம் தொங்கும்போது அந்த வால்வு வண்டியில் பாரம் இல்லை என்று எடுத்துக்கொண்டு பின்பக்கத்துக்கு ஆயில் போவதைக் குறுக்கிவிடும். பின்சக்கரத்தில் ஆயில் சொட்டுச்சொட்டாக வருகிறதே என்று வீல் சிலிண்டரை மாற்றும் முன், அச்சுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து வண்டியின் எடையை அதன் மேல் இறக்கிப் பாருங்கள். வெறும் ஜாக்கை நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் போகாதீர்கள்.

பழைய வழக்கப்படி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் அது பொதுவாகப் பின் இடது. ஆனால் குறுக்குவாட்டில் பிரித்த லைன் (ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் ஒரே லைனில்) உள்ள பல முன்சக்கர டிரைவ் கார்களில் வரிசை வேறு, அதற்கு மேனுவலைத்தான் பார்க்க வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டைக் கழற்றியிருந்தாலோ, டேங்க் வற்றிக் காற்று அதற்குள் போயிருந்தாலோ, மேலே சொன்ன எந்த முறையும் தனியாகப் போதாமல் போகலாம். வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேன் டூல் வழியாக ஏபிஎஸ் வால்வுகளை இயக்கிக்கொண்டே எடுக்க வேண்டும்.

ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பிரேக் ஆயிலின் தர வகைகளில் ஒன்றான டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் 3.7 சதவீதம் ஏறியபின் அந்த வரம்பு 140 ஆக விழுகிறது. டாட் 4-க்கு அவை 230, 155. மலையிறக்கத்தில் காலிபர் சூடேறி ஆயில் கொதித்தால் அந்த ஆவியும் ஏர் மாதிரியே பெடலைப் பஞ்சாக்கிவிடும். மூடி திறந்து பல மாதம் அலமாரியில் கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றினால், நாமே அந்த ஈரத்தை உள்ளே ஏற்றுகிறோம். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கக் கூடாது.

டேங்க் மூடியின் ரப்பர் ஊதிப்போயிருந்தால், யாரோ இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஊற்றியிருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் சில துளி விடுங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும், கனிம எண்ணெய் மிதக்கும். மிதந்தால் ஏர் எடுக்கும் பேச்சே இல்லை: லைனைக் கழுவி, கப், சீல், ஹோஸ் என்று ஆயில் தொட்ட ரப்பர் அத்தனையும் மாற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை மீண்டும் அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, நான்கு நிப்பிளிலும் கசிவு பாருங்கள். பட்டறை வளாகத்துக்குள் நடை வேகத்தில், கை ஹேண்ட்பிரேக்கில் இருக்க, நான்கைந்து தடவை நிறுத்திப் பார்த்த பிறகுதான் வண்டி ரோட்டுக்குப் போகலாம்.