உதவியாளர் வராத காலை: ஏஜென்சியா, சொந்த ஆளா, அக்கம்பக்கமா?

தனியாக வாழ்வது என்று முடிவாகிவிட்டால் அடுத்த கேள்வி, அன்றாட உதவியை யாரிடம் பெறுவது. ஏஜென்சி மூலம் ஆள் வரச் சொல்லலாம். நாமே தேடிப் பிடித்து வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். நண்பர்களையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்து ஒரு வட்டம் அமைக்கலாம். இல்லையென்றால் ஊழியர்கள் இருக்கும் குழு இல்லத்தில் ஓர் அறை. கழுத்தில் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் நான் ஏஜென்சியில்தான் தொடங்கினேன். இப்போது என் உதவியாளர்களை நானே வைத்திருக்கிறேன், அக்கம்பக்கம் அதற்குத் துணை. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குழு இல்லத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். நான் அங்கே வாழ்ந்ததில்லை, வாழும் நண்பர்கள் சொல்லக் கேட்டதுதான். எப்போதும் ஆள் இருப்பார் என்பது பெரிய நிம்மதி. ஆனால் எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது, பக்கத்து அறையில் யார் இருப்பது என்பதெல்லாம் ஊழியர்களின் ஷிப்ட் பட்டியலோடு முடிவாகிவிடுகிறது. ஐ.நா. 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு, எங்கே, யாரோடு வாழ்வது என்பதை மற்றவர்களைப் போலவே நாமும் தேர்ந்தெடுக்கலாம், குறிப்பிட்ட ஓர் ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. விரும்பிப் போகிறவர்கள் போகட்டும்.

ஏஜென்சிக்கும் சொந்த ஆளுக்கும் உள்ள வெளிப்படையான வேறுபாடுகள் எல்லாருக்கும் தெரிந்தவை. ஏஜென்சிக் கட்டணத்தில் ஒரு பங்கு நிர்வாகத்துக்குப் போகும். பதிலுக்கு ஆள் தேடுவது, பின்னணி விசாரிப்பது, சம்பளம், விடுப்பு, காப்பீடு எல்லாம் அவர்கள் தலைவலி. நாமே வைத்துக்கொண்டால் முதலாளியின் வேலை முழுக்க நம் தலையில். வேலை நேரம் குறித்து வைக்க வேண்டும், உரிய விடுப்பு கொடுக்க வேண்டும், ஒத்துவராதவரிடம் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னது எனக்கு இன்றும் கைவரவில்லை.

இந்த முதலாளி வேலையைப் போராடி வாங்கியவர்கள் உண்டு. அமெரிக்கரான எட் ராபர்ட்ஸுக்கு 14 வயதில் போலியோ வந்து கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எல்லாம் செயலிழந்தது. 1962இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் கல்லூரிப் படிப்புக்குச் சேர்ந்தபோது, மூச்சுவிட உதவிய இரும்பு நுரையீரல் என்ற பெரிய இயந்திரத்தின் எடையை விடுதித் தளம் தாங்காது என்பதால் வளாக மருத்துவமனையில்தான் இடம் கிடைத்தது. பின்னர் அவரும் நண்பர்களும் சேர்ந்து 1972இல் அங்கே சுயசார்பு வாழ்வு மையத்தைத் தொடங்கினார்கள். நடத்தியதும் மாற்றுத்திறனாளிகளே. உதவியாளரைத் தேர்ந்தெடுப்பது, பழக்குவது, வேண்டாமென்றால் நிறுத்துவது, எல்லாம் உதவி பெறுபவர் கையில் என்பது அவர்கள் கொள்கை. பிரிட்டனில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சேவைக்குப் பதிலாகப் பணத்தையே மாற்றுத்திறனாளியிடம் நேரடியாகக் கொடுக்க உள்ளாட்சிகளுக்கு வழி திறந்தது.

சரி, இப்போது எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். காலையில் வர வேண்டியவர் வரவில்லை என்றால் என்ன ஆகும்?

நடமாடுகிறவருக்கு அது எரிச்சல், அவ்வளவுதான். என்னைப் போன்றவருக்கு அது மணிக்கணக்கு. தானாகப் புரள முடியாதவரைப் படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். தவறினால் படுக்கைப்புண், ஆழமாகிவிட்டால் ஆற மாதங்கள் பிடிக்கும். விட்டு விட்டுக் கதீட்டர், அதாவது சிறுநீரை வெளியேற்றும் குழாய், போடுகிறவருக்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீரை வெளியேற்றியாக வேண்டும். நெஞ்சின் நடுமட்டத்திலோ அதற்கு மேலோ, அதாவது மருத்துவர்கள் டி6 என்று குறிக்கும் இடத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவருக்கு, நிரம்பிய சிறுநீர்ப்பை ஒன்றே போதும். இரத்த அழுத்தம் திடுமென ஏறி, பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோகலாம். எந்த ஏற்பாட்டையும் நான் எடைபோடுவது அது ஒழுங்காக நடக்கும் நாட்களை வைத்து அல்ல.

ஏஜென்சிக்காரர்கள் இந்தக் கேள்விக்குத் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார்கள்: மாற்று ஆள் அனுப்புவோம். அனுப்பவும் செய்தார்கள், பல முறை. முதலில் ஒருங்கிணைப்பாளர் போனை எடுக்க வேண்டும். அப்புறம் யாராவது கிடைக்க வேண்டும். காலை பாதி கழிந்த பிறகு, என்னை ஒருபோதும் பார்த்திராத ஒருவர் வந்து நிற்பார். எந்தக் கால் முதலில் வெட்டி இழுக்கும், தூக்கும் கருவியின் பட்டையை எங்கே மாட்டுவது, நாற்காலியின் மெத்தையில் எது முன்பக்கம் என்று படுத்தபடியே முதல் பாடத்திலிருந்து தொடங்குவேன். அவரும் பாவம், பயந்துகொண்டே செய்வார். ஏஜென்சியின் வாக்குறுதி, யாராவது ஒருவர் வருவார் என்பது. எனக்கு வேண்டியது என் உடம்பு தெரிந்த ஒருவர்.

சொந்த ஏற்பாட்டில் மாற்று ஆள் என்று யாரும் தானாக வந்துவிட மாட்டார். அதை நாமே கட்ட வேண்டும், அதுதான் இந்த வழியின் நிஜமான உழைப்பு. நான் முழுநேரத்துக்கு ஒருவரை வைப்பதில்லை. பகுதிநேரமாக மூவர், மூவருக்கும் எல்லா வேலையும் தெரியும். ஒருவரையே நம்பியிருந்தால் அவருக்குக் காய்ச்சல் வரும்போது நம் வாழ்க்கைக்கே காய்ச்சல். முறை மாற்றிக்கொள்வதை அவர்களே தங்களுக்குள் பேசி எனக்குச் சொல்லிவிடுவார்கள். விட்டுப்போன பழைய உதவியாளர் ஒருவரும் கூப்பிட்டால் வருவார், அவசர அழைப்புக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் கூலி. புதிதாகச் சேர்பவர் தனியாக வேலை எடுப்பதற்கு முன், பழையவரோடு சேர்ந்து சில காலைகள் நிற்பார், அதற்கும் சம்பளம் உண்டு. இரட்டைச் செலவு என்று இதில் மிச்சம் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் கணக்கில் மொத்த ஏற்பாட்டிலும் குறைக்கக் கூடாத செலவு இதுதான். காலை வேலையின் ஒவ்வொரு படியும் படத்தோடு அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது, வாசலில் எண்பூட்டுப் பெட்டிக்குள் சாவி.

இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. வேலை நேரத்தை மூவருக்குப் பிரித்தால் ஒவ்வொருவர் வருமானமும் சிறியது. முழுநேர வேலை கிடைத்தால் போய்விடுவார்கள், போகத்தான் வேண்டும். ஆகவே ஆள் தேடுவது ஒருபோதும் முடியாது. அதற்குத் தெம்பில்லாத காலம் எனக்கும் வரலாம்.

அப்படியானால் அக்கம்பக்கத்தாரே எல்லாம் பார்த்துக்கொண்டால் என்ன? சமூக ஆதரவு என்று பேசும்போது பலர் மனதில் இருப்பது இதுதான். எனக்கு இதில் அழுத்தமான கருத்து உண்டு: உடம்பு சம்பந்தப்பட்ட வேலை நட்பின் மேல் ஏறக் கூடாது. காலையில் குளிக்க வைத்தவரிடம் மாலையில் 'பாட்டுச் சத்தத்தைக் குறைங்க' என்று சண்டை போட வாய் வராது. சம்பளம் வாங்குகிறவரிடம் குறை சொல்லலாம், நன்றிக்கடன் பட்டவரிடம் முடியாது. தவிர, தன்னார்வலர்கள் வீடு மாறுவார்கள், களைத்துப் போவார்கள்.

கனடாவில் மாற்றுத்திறனாளியான ஜூடித் ஸ்னோவைச் சுற்றி 1980 வாக்கில் நண்பர்கள் அமைத்த வட்டத்தை இந்த முறையின் முன்னோடியாகச் சொல்வார்கள். தன் தேவைக்குப் பொருந்தாத பராமரிப்பு இல்லத்தில் உடல்நலம் குலைந்துகொண்டிருந்தவர் அவர். அந்த நண்பர்கள் ஒன்ராறியோ அரசோடு மல்லுக்கட்டி, அவர் உதவியாளர்களை வைத்துக்கொள்ள நிதி கிடைக்கச் செய்தார்கள். வட்டத்தின் பலம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது இதிலிருந்துதான். என் அக்கம்பக்கத்தாரில் சிலருக்குச் சாவிப் பெட்டியின் எண் தெரியும். காலையில் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் எட்டிப் பார்ப்பார்கள். இரத்த அழுத்தம் ஏறிவிட்டதன் அறிகுறியாக, தலை வெடிக்கிற மாதிரி வலி என்று நான் சொன்னால் நிமிர்த்தி உட்கார வைக்கவும், கதீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்கவும், ஆம்புலன்ஸைக் கூப்பிடவும் தெரியும். அதற்கு மேல் நான் கேட்பதில்லை.

ஏஜென்சிக்கும் சொந்த ஆளுக்கும் நடுவே கூட்டுறவு என்றொரு வழியும் இருக்கிறது. ஸ்வீடனில் அடோல்ஃப் ராட்ஸ்கா 1984இல் தொடங்கிய ஸ்டில் என்ற அமைப்பு, உதவி பெறுகிறவர்களே உறுப்பினர்களாக இருந்து நடத்துவது. கணக்குவழக்குகளை அமைப்பு பார்க்கும், ஆளைத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர். 1994இல் அங்கே நடைமுறைக்கு வந்த சட்டம், அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குத் தனிப்பட்ட உதவியாளரை உரிமையாகவே ஆக்கியது. கைக்கெட்டும் தூரத்தில் இப்படி ஒன்று இருந்தால் நான் நாளைக்கே சேர்ந்துவிடுவேன்.

நான் சொன்னது முழுக்க உடல் ஊனத்தின் பக்கமிருந்து. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். பிரிட்டனில் 1990இல் தொடங்கிய கீரிங் அமைப்பில், அப்படிப்பட்டவர்கள் ஒரே வட்டாரத்தில் அவரவர் வீட்டில் இருப்பார்கள், உதவும் தன்னார்வலரும் அருகிலேயே குடியிருப்பார். கடிதம் படித்துச் சொல்லவும் பில் கட்டவும் துணை தேவைப்படுகிறவருக்கு என் மூன்று பகுதிநேர ஆட்களைவிட இது மேல் என்றே தோன்றுகிறது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இரவும் ஆள் வேண்டும். அந்த அளவுக்கு ஆட்களை ஒருவரே சமாளிக்கலாம் என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை.

ஏஜென்சிதான் உங்களுக்குச் சரி என்றால், மாற்று ஆளாக வரக்கூடிய இருவரின் பெயரையும், அவர்கள் முன்கூட்டியே வந்து உங்களிடம் வேலை பழகுவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பழகும் நேரத்துக்கு யார் பணம் தருவது என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் பேச்சு இழுபடுவது அந்த இடத்தில்தான்.