கண்ணாடிச் சாமான் படம் எடுக்க லைட் பாக்ஸ்: வாங்கலாமா?

ஃபிரோசாபாத் சரக்கு, அதாவது கண்ணாடிப் பூச்சாடி, மூடி போட்ட மிட்டாய் ஜாடி, பறவை பொம்மை எல்லாம் வரவழைத்து, பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் விற்கிறேன். படம் எடுப்பதற்காக ஆன்லைனில் வாங்கியது இந்த 40 சென்டிமீட்டர் மடக்கு லைட் பாக்ஸ், அதாவது சாமானை உள்ளே வைத்துப் படம் எடுக்கும் விளக்குப் பெட்டி. விலை ஆயிரத்துச் சொச்சம். பத்தமடைப் பாயில் தைத்த பையையோ மரச்செப்பையோ உள்ளே வைத்தால் யோசிக்கவே வேண்டாம், படம் பளிச்சென்று வந்துவிடும்.

கண்ணாடிக்கு அது நடக்காது. கூரையில் இரண்டு வரிசை எல்.இ.டி. இருக்கிறது. ஜாடியின் தோளில் அந்த இரண்டு வரிசையும் புள்ளி புள்ளியாக விழும். கூட வரும் வெள்ளைத் துணியை மாட்டினால் புள்ளிகள் சேர்ந்து பட்டையாகும், அவ்வளவுதான். அதைவிடத் தொல்லை, உள்சுவர் முழுக்க ஒட்டியிருக்கும் வெள்ளி ஷீட். நிறமில்லாத கண்ணாடி சுற்றியிருப்பதைத்தான் காட்டும். சுற்றிலும் வெளிச்சம் என்றால் விளிம்பே காணாமல் போகும். "எக்கா, இதுல ஜாடி எங்க இருக்கு?" என்று ஒரு வாடிக்கைக்காரத் தங்கச்சி கேட்டேவிட்டாள்.

இப்போது கூரை விளக்கை அணைத்துவிடுகிறேன். பின்சுவர் பட்டன் வைத்தது, எளிதாகக் கழன்றுவிடும். அந்த இடத்தில் டிரேசிங் பேப்பர் ஒட்டி, பின்னால் ஒரு மேசை விளக்கு. இரண்டு பக்க வெள்ளிச் சுவரையும் கருப்பு சார்ட்டால் மூடிவிட வேண்டும். சார்ட்டை ஜாடிப் பக்கமாக மெல்ல நகர்த்திப் பாருங்கள். விளிம்பில் கரிக்கோடு ஒன்று எழும்பி, நெருங்க நெருங்கத் தடிக்கும். விளிம்புக் கண்ணாடி ஒளியை வளைப்பதால் பின்னால் இருக்கும் வெள்ளைக்குப் பதில் பக்கவாட்டுக் கருப்பை இழுத்துக் காட்டுகிறது. நீலம், பச்சைக் கண்ணாடிக்கும் இப்படிப் பின்வெளிச்சம்தான் சரி. கருப்புப் பின்னணியில் நீலம் செத்துப்போகும்.

பட்டை தீட்டிய சாமானுக்குத்தான் கருப்புப் பின்னணி அழகு. பொருளுக்கும் விளக்குக்கும் நடுவே, டிரேசிங் பேப்பரைவிடச் சின்னதாக ஒரு கருப்புத் துண்டு. அதைச் சுற்றிக் கசியும் வெளிச்சத்தில் வெட்டுகள் எல்லாம் வெள்ளையாக மின்னும். கூட வந்த கருப்பு ஷீட் பளபளக்கிறது, அதனால் தையல்காரரிடம் வாங்கிய வெல்வெட் வெட்டுத் துணிதான் வைக்கிறேன். ஆனால் ஒரு தூசி, ஒரு விரல் ரேகை தப்பாது. ஆனி, ஆடிக் காற்றில் ஜன்னலைத் திறந்துவைத்தால் துடைத்தே பொழுது போய்விடும்.

பெட்டியில் எனக்குப் பிடித்தது முன்மூடியில் உள்ள ஓட்டை. போன் லென்ஸ் மட்டும் அதற்குள் எட்டிப் பார்க்கும். அது இல்லாவிட்டால் உருண்டை ஜாடியில் என் நைட்டிப் பூ வரைக்கும் தெரியும். பிடிக்காதது, வெளிச்சத்தைக் குறைக்கும் திருகு. குறைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடுகிறது, முழு வெளிச்சத்தில் இல்லை. மேசை விளக்கிலும் கோடு வந்தால் போன் கேமராவில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள்; நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கும் அந்தக் கணக்கில்தான் துடிக்கும்.

கண்ணாடி மட்டும் விற்பவர்களுக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. சார்ட், டிரேசிங் பேப்பர், ஒரு பழைய அட்டைப்பெட்டி போதும். மற்ற சாமானும் விற்பவர்கள் வாங்கலாம், ஆனால் 60 சென்டிமீட்டர் அளவு பாருங்கள். இதில் நெட்டை ஜாடியை வைத்தால் கருப்பு சார்ட்டை நகர்த்த இடமே இல்லை.