கொத்தனாருக்கு 1,100, சித்தாளுக்கு 550: எங்கள் மாடி வேலையின் கூலிக் கணக்கு

மதுரை ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக்கு மேலே 620 சதுர அடி மாடி எடுத்தோம். 2024 தை மாதம் தொடங்கி ஆனிக் கடைசியில் முடிந்தது. வீட்டுக்காரர் லாரியில் போகிறவர். மாதத்தில் எட்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அதனால் செங்கல் இறக்கியதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் கூலி எண்ணிக் கொடுத்தது வரை எல்லாம் நான்தான். தையல் மிஷின் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு அன்றன்றைக்கு எழுதி வைத்தேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வேலையை முடித்துக் கொடுத்தது மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு குழு. இரண்டு கொத்தனார், எடுபிடி வேலைக்கு ஒரு பெரியாள் (ஆண்), இரண்டு சித்தாள் (பெண்கள்). பெயரைப் போட வேண்டாம் என்று பெரிய கொத்தனார் சொல்லிவிட்டார், கொத்தனாரண்ணன் என்றே எழுதுகிறேன். வேலை நல்ல வேலை. கூப்பிடலாமா என்று கேட்டால் யோசிக்காமல் கூப்பிடுங்கள் என்பேன்.

ஆனால் முதலில் வைத்தது அவரை இல்லை. நாள் கூலி 850-க்கு வருகிறேன் என்று ஒருவர் வந்தார். கொத்தனாரண்ணன் கேட்டது 1,100. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வித்தியாசம், ஆறு மாத வேலை என்று கணக்குப் போட்டு 850-க்கு வந்தவரையே வைத்தேன். பதினோரு நாள் செய்தார். கொத்தனாராகக் கரணை (பூச்சுக் கரண்டி) பிடித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு நாளைக்கு முந்நூறு செங்கல் ஏறினால் பெரிது. பின்பக்கச் சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது மேலே போகப் போகச் சுவர் உள்ளே சாய்ந்திருந்தது. இடிக்கிற அளவுக்கு இல்லை, ஆனால் பூச்சில்தான் சரிக்கட்ட வேண்டும்.

அந்தச் சுவர் பன்னிரண்டுக்குப் பத்து. உள்பூச்சு அரை அங்குலம் போட்டால் ஒரு மூட்டை சிமெண்டுக்குள் முடிந்துவிடும். சாய்மானத்தை மறைக்க இரண்டு கோட் போட வேண்டி வந்து இரண்டு மூட்டைக்கு மேல் குடித்தது. அதற்காகக் கொத்தனாரும் சித்தாளும் கூடுதலாக இரண்டு நாள், 3,300 ரூபாய். பதினோரு நாளில் நான் மிச்சம் பிடித்தது 2,750. சிமெண்டும் எம்-சாண்ட் மணலும் தனி.

கொத்தனாரண்ணன் நாளைக்கு ஐந்நூற்றைம்பது செங்கல் வைத்தார். செங்கலுக்குக் கூலி என்று வகுத்துப் பார்த்தால் 1,100 ரூபாய்க்காரர் செங்கல் ஒன்றுக்கு இரண்டு ரூபாய். 850 ரூபாய்க்காரர் இரண்டே முக்காலுக்கு மேல். ஆள் கூலியைக் கேட்காதீர்கள், ஒரு நாளில் எவ்வளவு சுவர் ஏறும் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அவர் குழுவின் கூலி இப்படி: பெரிய கொத்தனாருக்கு 1,100, சின்னக் கொத்தனாருக்கு 950, பெரியாளுக்கு 800, சித்தாளுக்கு 550. சின்னவர் கரணை பிடித்து நாலு வருடம். அவரை மூலை எடுக்க விடவே மாட்டார். இரண்டு மூலையையும் பெரியவர் எடுத்து, நூல் கட்டிக் கொடுப்பார். நடுவில் நிரப்புவது சின்னவர். மேல்தளத்து அடிப்பூச்சையும் பெரியவரே செய்தார். "மூலை தப்புனா மொத்தமும் தப்பும் தாயி. அந்த 150 ரூவா மூலைக்குத்தான்" என்றார்.

வாசல் நிலை வைத்த அன்று வேட்டி துண்டு வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு டீ குடித்துக்கொண்டே பழைய கதை பேசினார். ஆறு வருடம் திருச்சூரில் வேலை பார்த்தவர். அமிர்தா எக்ஸ்பிரஸில் போய் வருவார். வெட்டுக்கல் சுவர் கட்டிப் பழகியது அங்கேதான். "அங்க 1,300 கொடுக்குறாங்கன்னா ஏண்ணே இங்க வந்தீங்க?" என்று கேட்டேன். அவர் கை விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். நல்ல மாதத்தில் 26 நாள் வேலை, 33,800. ரூம் வாடகை, சாப்பாடு 7,000, ஊருக்கு வந்து போக 1,200. மிச்சம் 25,600. இங்கே 23 நாள் வேலை கிடைத்தால் 25,300, வண்டிக்குப் பெட்ரோல் 2,500 போக 22,800. "அப்ப அங்கதான் லாபம். ஆனா ஜூன்ல மழை பிடிச்சா மாசம் பத்தொன்பது நாள்கூட கிடைக்காது. அந்த மாசம் இங்கதான் லாபம். பிள்ளைகளையும் கண்ணால பாக்கலாம்." கல்யாணமாகாத பையன்கள் இன்னும் போகிறார்கள், தேனிப் பக்கம் குமுளி வழியாகவும் போகிறார்கள் என்றார்.

ஒரே கைக்கு ஊருக்கு ஊர் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று என்னால் விட முடியவில்லை. பி.காம் படிக்கும் மகள் ரிசர்வ் வங்கி வெளியிட்ட மாநிலங்களின் புள்ளிவிவரத் தொகுப்பைப் போனில் திறந்து காட்டினாள். 2021-22-ல் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் 837 ரூபாய் 70 காசு. தமிழ்நாட்டில் 478 ரூபாய் 60 காசு. குஜராத்தில் 295, மத்தியப் பிரதேசத்தில் 266. நாடு முழுவதற்குமான சராசரி 373. பெரிய பெரிய ஆலை இருக்கிற குஜராத் நமக்கும் கீழே இருந்தது எனக்கு ஆச்சரியம். நூறு நாள் வேலைக்கு அரசு அறிவித்த கூலியைப் பாருங்கள்: 2024-25-ல் கேரளத்துக்கு 346, தமிழ்நாட்டுக்கு 319. இருபத்தேழு ரூபாய்தான் வித்தியாசம். வெளி வேலையில் அது முந்நூற்றைம்பதுக்கு மேல் போகிறது. கேரளத்து ஆண்கள் எழுபதுகளிலிருந்து வளைகுடாவுக்குப் போனார்கள், அங்கிருந்து வந்த பணத்தில் ஊரெல்லாம் வீடு எழும்பியது, கட்ட உள்ளூரில் ஆள் இல்லை. தொழிற்சங்கமும் அங்கே பலமானது. அந்த இடத்துக்கு முதலில் போனவர்கள் நம் ஊர்க்காரர்கள், பிறகு வங்காளம், அசாம், ஒடிசாக்காரர்கள். 266 ரூபாய் ஊரிலிருந்து ஒருவர் தெற்கே ரயிலேறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மதுரைக்குள்ளேயே ஒரே ரேட் இல்லை. ஒத்தக்கடையில் 1,100 வாங்கும் இவரே தன் ஊரில் தெரிந்தவர் வீட்டுக்கு 1,000-க்குச் செய்கிறார். உசிலம்பட்டியில் என் சித்தி வீட்டு வேலைக்கு அதே வருடம் 900.

இப்போது சித்தாளக்கா. இதைச் சொல்லத்தான் நோட்டை எடுத்தேன்.

அவர் சித்தாள் வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம். காலையில் இலவச டவுன் பஸ் பிடித்து எல்லோருக்கும் முன்னால் வந்து செங்கலைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுவார். கலவையைக் கையில் உருட்டிப் பார்த்தே தண்ணீர் போதும் என்பார். ஒருநாள் சாப்பாட்டுக்கு முன்னால் குழைத்து இறுகிப்போன கலவையில் சின்னவர் தண்ணீர் விட்டு இளக்கப் பார்த்தார். அக்கா ஒன்றும் பேசவில்லை; சட்டியை வாங்கிக் கொட்டிவிட்டுப் புதிதாகக் குழைத்துக் கொண்டுவந்தார். அன்று என் சுவரைக் காப்பாற்றியது அந்தக் கை. அவருக்கும் 550, இரண்டு வருடம் முன்னால் சேர்ந்த இன்னொரு சித்தாளுக்கும் 550. மூன்று வருடமே ஆன பெரியாளுக்கு 800. அனுபவம் கூடினால் கூலி கூடும் என்று எல்லோரும் சொல்கிறோம், அது கரணை பிடித்தவருக்கு மட்டும்தான் நடக்கிறது. அக்கா கையில் கரணையை யாரும் கொடுத்ததில்லை.

கொத்தனாரண்ணனிடம் கேட்டேன். "ஊர் ரேட்டு அது, தாயி" என்றார். ஒரே மாதிரி வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. பங்குனி முதல் சனிக்கிழமையிலிருந்து அக்காவுக்கு 650 கொடுத்தேன், அவர் கையிலேயே. "அடுத்த வீட்டுல என்னைய கேப்பாங்களே" என்று அண்ணன் சங்கடப்பட்டார். கேட்கட்டும், என்னிடம் அனுப்புங்கள் என்றேன். அக்கா பணத்தை இரண்டு தடவை எண்ணிவிட்டு, கூடுதலாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுக்க வந்தார். அது எனக்குத் தாங்கவில்லை.

அவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியவே இல்லை. அந்த வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. மகள்தான் கூடவே இருந்து ஆன்லைனில் பதிந்து கொடுத்தாள். ஆள் வைக்கும்போது வாரிய அட்டை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

குறையும் சொல்ல வேண்டும். தளம் போட்ட ஐந்தாம் நாள் குழு மொத்தமும் சித்திரைத் திருவிழாவுக்குப் போய்விட்டது. அழகர் ஆற்றில் இறங்கிய ஏப்ரல் 23-க்குப் பிறகும் நாலு நாள் ஆளில்லை. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியதை நானும் மகளும் காலை மாலை பார்த்துக்கொண்டோம். கிழக்கு சன்ஷேடில் வாட்டம் பத்தவில்லை, மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது. சொன்னதும் வந்து சரிசெய்தார், ஆனாலும் ஓரத்தில் கொஞ்சம் நிற்கிறது. லேபர் காண்ட்ராக்டாக இன்னொருவர் சதுர அடிக்கு 450 கேட்டிருந்தார், 2,79,000. என் நோட்டில் நாள் கூலி மொத்தம் 2,96,400 வந்தது. பதினேழாயிரம் அதிகம். கையில் இறுக்கமாக இருப்பவர்களுக்கு அது பெரிய தொகை. எனக்கும் பெரிய தொகைதான். ஆனால் அவசரத்தில் பூசிவிட்டுப் போன சுவர் ஒன்றுகூட எங்கள் மாடியில் இல்லை.

இப்போது அவர்கள் திருமோகூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். ஆடியில் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள், அப்போது பேசிவைத்தால் ஆவணியில் வருவார்கள். தைக்கு மேல் கேட்டால் கிடைக்க மாட்டார்கள். எங்களுக்குக் காம்பவுண்டுச் சுவர் பாக்கி இருக்கிறது, அதே அக்காவை அழைத்து வரச் சொல்லி 650 என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அண்ணன் இந்தத் தடவை ஊர் ரேட்டைப் பற்றிப் பேசவில்லை.