எஸ்பி ரோட்டு மாடிக் கடையும் மாமாவோட ஐபாடும்: ஒரு ரிப்பேர் ரிவியூ

மொதல்லயே சொல்லிடறேன், கடைக்கு போர்டே கெடையாது, அதனால பேரு கேக்காதீங்க. பெங்களூர் எஸ்பி ரோட்ல கேபிள் கடைங்களுக்கு நடுவுல ஒரு ஆளு மட்டும் ஏறுற மாதிரி படிக்கட்டு இருக்கும், ரெண்டாவது மாடில சால்டரிங் வாசனை அடிச்சா அதான் கடை. சிக்பேட்டை மெட்ரோல எறங்கி நடந்துடுங்க, பைக்ல போனா அத நிறுத்த எடம் தேடியே அரை நாள் போயிடும்.

எங்கிட்ட இருந்தது 30 ஜிபி ஐபாட் வீடியோ, ஆப்பிளோட பழைய பாட்டு கேக்கற பொட்டி, மாமா 2006ல வேலையா வெளிநாட்டுக்கு ஆன்சைட் போயிட்டு வரும்போது வாங்கினது. 2011 அக்டோபர் 5ஆம் தேதி ஆப்பிள் கம்பெனிய ஆரம்பிச்ச ஸ்டீவ் ஜாப்ஸ் 56 வயசுல செத்தப்ப, ஏதோ சொந்தக்காரர் போன மாதிரி மாமா இத தொடச்சி தொடச்சி வச்சிக்கிட்டிருந்தாரு. இப்ப மாமாவும் இல்ல. ஆன் பண்ணா உள்ள ஹார்ட் டிஸ்க் டிக் டிக்குனு அடிக்கும், மொகத்த தொங்கப் போட்ட ஐபாட் படம் ஒண்ணு வரும், அவ்ளோதான். மால்ல ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல கையில கூட வாங்கல, "இதெல்லாம் இனிமே யாரும் பாக்க மாட்டாங்க சார், புது போன் எடுத்துக்கோங்க"ன்னுட்டாங்க.

இந்த மாடிக் கடை அண்ணனுக்கு ஊரு ஆரணி பக்கம், சின்ன வயசுலயே வந்துட்டாராம், பாதி பேச்சு கன்னடம். வாங்கித் திருப்பிப் பாத்துட்டு, "வெளிய ஒரு ஸ்க்ரூ இருக்கா பாரு தம்பி, தொறக்கக் கூடாதுன்னே செஞ்சிருக்கான்"னாரு. மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் பட்டைய ஓரத்துல விட்டு மூச்சப் புடிச்சிக்கிட்டு ஒவ்வொரு கிளிப்பா எடுத்தாரு, டக்கு டக்குன்னு சத்தம் வரும்போதெல்லாம் எனக்கு வயித்துல புளியக் கரைச்சுது. தொறந்தாலும் உடனே பிரிச்சிட முடியாது, பேட்டரி பின்பக்கத் தகட்டுல ஒட்டியிருக்கு, அதுலேர்ந்து நூல் மாதிரி ரிப்பன் கேபிள் ஒண்ணு போர்டுக்கு போகுது, வேகமா இழுத்தா பிஞ்சிடும்.

நமக்கு ஜாப்ஸ் பைத்தியம் வேற, சும்மா இருக்க முடியுமா, கத சொல்ல ஆரம்பிச்சிட்டேன். அவர தத்தெடுத்து வளத்த அப்பா பால் ஜாப்ஸ் ஒரு மெஷினிஸ்ட், பழைய கார வாங்கி சரி பண்ணி வித்தவரு, வேலியோ அலமாரியோ எது செஞ்சாலும் கண்ணுல படாத பின்பக்கமும் நல்லா இருக்கணும்னு பையனுக்கு சொல்லிக் குடுத்தவரு. அந்தப் பையன் இன்ஜினியர் கூட்டாளி வாஸ்னியாக்கோட சேந்து 1976ல ஆப்பிள் ஆரம்பிச்சாரு. 1977ல வந்த ஆப்பிள் டூ கம்ப்யூட்டர்ல எக்ஸ்ட்ரா கார்டு சொருகற ஸ்லாட் ரெண்டு போதும்னு ஜாப்ஸ், எட்டு வேணும்னு வாஸ்னியாக், கடைசில எட்டுதான் வந்துச்சு, மூடிய கையாலயே தூக்கி யாரு வேணா கார்டு சொருகலாம், பல வருஷம் கம்பெனிக்கு சோறு போட்டது அந்த மிஷின்தான். 1984ல வந்த மேக் கம்ப்யூட்டர்ல ஜாப்ஸ் வச்சதுதான் சட்டம், ஸ்லாட்டே கெடையாது. இதுல கூத்து என்னன்னா அந்த மேக் டப்பாக்கு உள்பக்கம் டீம் ஆளுங்க கையெழுத்தெல்லாம் அச்சா பதிச்சிருக்கும், ஆனா அதப் பாக்க நீளமா தனியா ஒரு ஸ்க்ரூடிரைவர் வேணும், நம்ம வீட்ல எல்லாம் அது இருக்காது.

அண்ணன் தல நிமிராமலே, "ரிப்பேர்காரன் புள்ளையா? அப்பன்கிட்ட பாதிதான் கத்துக்கிட்டிருக்கான்"னாரு. எனக்கு சுருக்குனு இருந்துச்சு, பதிலே வரல. இதுக்காகவே ஒரு ஸ்டார் சேத்து போடறேன்.

ஆனா நியாயமும் பேசணும்ல. 1985ல கம்பெனிய விட்டுப் போனவரு 1997ல திரும்பி வந்தப்ப ஆப்பிள் திவாலாகுற நெலமைல இருந்துச்சு, 2001 அக்டோபர்ல 5 ஜிபில 1,000 பாட்டுன்னு மொத ஐபாட் வந்தப்ப அத்தன பாட்டு சட்டப் பைல அடங்குனதே பெரிய விஷயம், அப்புறம் 2007ல ஐபோன், அது ஊருக்கே தெரியும். அண்ணனே உள்ள பாத்துட்டு "என்ன அடுக்கு அடுக்கிருக்கான்யா"ன்னு ரெண்டு தடவ சொன்னாரு.

வேல என்னன்னா, ஹார்ட் டிஸ்க தூக்கிட்டு அந்த எடத்துல எஸ்டி கார்டு அடாப்டர், 128 ஜிபி கார்டு, புது பேட்டரி. மொத்தம் 3,800 ரூபா. கொறையும் இருக்கு: ரெண்டு நாள்னு சொல்லி ஒம்போது நாள் இழுத்தாரு, போன் பண்ணா எடுக்கல, பில் கெடையாது, பளபளன்னு இருந்த பின்பக்க ஓரத்துல லேசா ஒரு நெளிவு. மாமாவோட பழைய பாட்டெல்லாம் டிஸ்க்கோட போச்சு, அது அவர் தப்பில்ல, டிஸ்க்க ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டுத் திருப்பிக் குடுத்தாரு.

மூடறதுக்கு முன்னாடி பேட்டரி மேல மார்க்கர்ல தேதியும் ஒரு சுழியும் போட்டாரு. "மேக்ல போட்ட மாதிரி கையெழுத்தாண்ணா?"ன்னேன். "ஆறு மாசத்துல பேட்டரி போச்சுன்னு வந்து நிப்ப, நான் போட்டதுதானான்னு பாக்க வேணாமா?"ன்னாரு.

போறவங்க பழைய ஐபாட சார்ஜ் பண்ற 30 பின் கேபிள கையோட எடுத்துட்டுப் போங்க, அவருகிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு, அதையும் யாரோ இரவல் வாங்கிட்டுப் போயிருக்காங்களாம். ஞாயித்துக்கெழம லீவு.