கொண்டோவா, தரை வீடா?

அடுக்குமாடிக் கொண்டோவா, தரையோடு அமைந்த தனி வாசல் வீடா? கோலாலம்பூரில் வீடு தேடும் நம் ஆட்கள் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இதுதான்.

செலவு: நகருக்குள் தரை வீடு பலருக்கும் எட்டாக்கனி. கொண்டோ கட்டுப்படியாகும், ஆனால் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம், அதன்மேல், பெரிய பழுதுகளுக்கென்று பொதுவாக அந்தக் கட்டணத்தில் 10 விழுக்காடு சேமநிதி.

பழுது: தரை வீட்டில் கூரை ஒழுகினால் உங்கள் பாடு. கொண்டோவில் லிப்ட் நின்றால் எல்லோர் பாடும், கட்டணம் கட்டாதவர் உட்பட.

போக்குவரத்து: புதிய கொண்டோக்கள் பல எல்ஆர்டி, எம்ஆர்டி ரயில் நிலையங்களை ஒட்டியே எழும்புகின்றன. தரை வீடுகள் நிறைந்த பழைய தாமான்களோ (குடியிருப்புப் பகுதிகள்) வீட்டுக்கு ஒரு கார் என்று நினைத்து வரைந்தவை. இன்று ஒரே வீட்டு வாசலில் நான்கு கார்.

அக்கம்பக்கம்: இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீட்டின் அகலம் பெரும்பாலும் சுமார் 20 அடிதான், கேட்டைத் திறந்தால் சாலை. கோலம் போடும்போதே எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) நலம் விசாரிப்பார். தீபாவளிக்கு முறுக்கு போகும், ஹரி ராயா பெருநாளுக்கு ரெண்டாங் கறி வரும். கொண்டோவில் 14ஆவது மாடியில் ஆறு ஆண்டுகள் இருந்தேன்; பக்கத்துக் கதவுக்காரர் பெயர் தெரியாது. ஆனால் கீழே விளையாட்டுத் திடலில் என் மகனுக்குத் தெரியாத பிள்ளையே இல்லை! அங்கே கார் பயமில்லையே.

ரயிலில் வேலைக்குப் போகும் இளம் தம்பதிக்கும், சாலையில் பிள்ளையை விடப் பயப்படுபவருக்கும் கொண்டோ சரி. வயதான அப்பா அம்மா கூட இருந்தால், வாசலில் கறிவேப்பிலை மரம் வேண்டுமென்றால், சற்றுத் தள்ளிப் போனாலும் தரை வீட்டையே பாருங்கள்.