ஆர்க்கைவ் ஆய்வுக் களஞ்சியம்: ஒரு மதிப்புரை

பல்கலைக்கழக ஆய்வுகளால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களை நான், ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளைத் தாங்களே பதிவேற்றி வெளியிடும் ஆர்க்கைவ் (arXiv) இணையதளத்துக்குத்தான் அனுப்புவேன். இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் 1991இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கிய இச்சேவை, 2001இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. கட்டுரையைப் பதிவேற்றவும் படிக்கவும் கட்டணம் கிடையாது. படிப்பவர் கணக்குத் தொடங்கவும் தேவையில்லை.

எடுத்துக்காட்டாக, 1505.04597 என்ற கட்டுரை எண்ணைத் தேடலில் இட்டால், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் எழுதிய ‘யு-நெட்’ என்ற படப் பகுப்பு வடிவமைப்பைப் பற்றிய கட்டுரை வருகிறது. (அது 2015 மே மாதத்துக் கட்டுரை என்பதை எண்ணின் முதல் நான்கு இலக்கங்களே சொல்லிவிடும்.) நுண்ணோக்கிப் படங்களில் உயிரணுக்களின் எல்லைகளைக் கணினி பிரித்தறியச் சில பத்து மாதிரிப் படங்களே போதும் என்று எட்டே பக்கங்களில் காட்டிய அந்த வடிவமைப்பு, பின்னாளில் ஸ்கேன் படங்களில் கட்டியின் விளிம்பை வரையும் மென்பொருள்கள் பலவற்றுக்கும், எழுத்தில் சொன்னதைப் படமாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சிலவற்றுக்கும் அடித்தளமாயிற்று. ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்ட வசதியில்லாத சிறு நிறுவனத்தின் பொறியாளரும், பெருநிறுவன ஆய்வாளர் படித்த அதே நாளில் அதைப் படிக்க முடிந்தது. ஆய்வு பொருளாதாரத்துக்குள் நுழையும் வழிகளில் காப்புரிமையை (பேட்டன்ட்) பற்றியே அதிகம் பேசுகிறோம். இந்தத் திறந்த வழி அதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பது என் கருத்து.

குறைகளும் உண்டு. துறைக்குப் பொருந்துகிறதா, ஆய்வுக் கட்டுரைக்குரிய தரத்தில் இருக்கிறதா என்று தளத்தின் நெறியாளர்கள் பார்க்கிறார்களே தவிர, முடிவுகள் சரியா என்று எவரும் சோதிப்பதில்லை. புவாங்கரே கணிப்பு என்ற புகழ்பெற்ற கணிதப் புதிருக்கு ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான் அளித்த நிறுவல் 2002-03இல் இங்கேதான் முதலில் வெளிவந்தது. பிழையான நிறுவல்களும் இதே வாசல் வழியாகத்தான் வருகின்றன. இயற்பியல், கணிதம், கணினியியல், பொருளியல் முதலிய எட்டுத் துறைகளுக்கே இடமுண்டு என்பதால், பொதுமக்கள் மிகுதியும் தேடக்கூடிய மருத்துவத்தையும் வேளாண்மையையும் தனித் துறைகளாக இங்கே காண முடியாது. இரு பத்தியில் அமைந்த பிடிஎஃப் கோப்பைக் கைபேசியில் படிப்பது பெரும்பாடு. 2023 இறுதியில் வந்த இணையப்பக்க வடிவம், கிடைக்கும் கட்டுரைகளுக்கு மட்டும் அதைத் தீர்த்திருக்கிறது.

புதிதாகப் பயன்படுத்துவோர் கட்டுரைச் சுருக்கத்துக்குக் கீழே உள்ள குறிப்புகளையும் பார்ப்பது நல்லது. ஆய்விதழில் வெளியான விவரத்தை ஆசிரியர் சேர்த்திருந்தால் அது அங்கே இருக்கும். திருத்திய பதிப்புகள் எப்போது வந்தன என்பதும் தேதியோடு தெரியும்.